பிஸ்டலின் உடல் தாங்கும் அடி

மேற்கு ஜெர்மனியின் ராணுவத்துக்காக 1957 முதல் தயாரான வால்தர் பிஸ்டலைக் கையில் எடுத்தால், டிரிகர் காப்புக்குச் சற்று மேலே உலோகத்துக்குள் புதைந்திருக்கும் அறுகோணத் தலை ஒன்று கண்ணில் படும். எல்லா பிஸ்டல்களிலும் அது இருக்காது. 1970-களின் நடுவுக்குப் பிறகு வந்தவற்றில்தான் இருக்கும். பிரேமின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை குறுக்கே செருகிய எஃகு ஊசி அது. கழற்றவும் பூட்டவும் அதனால் ஒரு பயனும் இல்லை. அந்த இடத்தில் அலுமினியம் அடிவாங்கி விரிசல் கண்டதால், தாங்கு கொடுப்பதற்காக வைத்தது.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் வீரர்கள் சுமந்த பி38-ன் பிரேம் எஃகு. போருக்குப் பின் அதே வடிவத்தை, எடை குறைய வேண்டும் என்பதற்காக, அலுமினியக் கலவையில் செய்தார்கள். பிறகு அதற்குப் பி1 என்று பெயர். வடிவம் ஒன்றுதான், விழும் அடியும் ஒன்றுதான், தாங்கும் உலோகம் மட்டும் வேறு. அடி எங்கே விழுகிறதோ அங்கே மட்டும் எஃகைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. உலோக பிரேம் கொண்ட பணிக்கால பிஸ்டலைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் "எஃகா, அலுமினியமா" என்றே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. எந்த உலோகம் என்பதைவிட, அடி எங்கே விழுகிறது, எது அதைத் தணிக்கிறது என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் கருத்து.

ஒரு தோட்டா வெடிக்கும்போது நடப்பதைப் பார்ப்போம். 9 மி.மீ. தோட்டாவின் வாயு அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 2,000 மடங்கைத் தாண்டும். இதைத் தாங்குவது பிரேம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அந்தக் கணத்தில் பேரலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு நிற்கின்றன. இரண்டும் எஃகு. அழுத்தம் முழுவதும் அவற்றுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. குண்டு ஒரு மில்லிசெகண்டுக்குள் பேரலை விட்டு வெளியேறிவிடும். அதற்குள் பேரலும் ஸ்லைடும் சேர்ந்தே கொஞ்சம் பின்னால் நகர்ந்திருக்கும். பிரேம் இதுவரை வெறும் தண்டவாளம்தான்.

அதன் வேலை அடுத்துத்தான் வருகிறது. பெரட்டா 92 வகையில், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான தூரம் பின்னால் வந்ததும், பேரலின் அடியில் உள்ள சிறு ஊசி பிரேமில் முட்டுகிறது. அது, பேரலையும் ஸ்லைடையும் பிணைத்திருக்கும் பூட்டுக் கட்டையைக் கீழே தள்ள, பேரல் பிரேமில் இடித்து நிற்கிறது. ஸ்லைடு விடுபட்டுத் தனியாகப் பின்னால் பாய்கிறது. காலித் தோட்டாக்கூடு வெளியே தெறிக்கிறது. ரீகாயில் ஸ்பிரிங் நசுங்கி வேகத்தைக் குறைக்க, மிச்சமிருக்கும் வேகத்தோடு ஸ்லைடு பிரேமில் மோதி நிற்கிறது. பிறகு ஸ்பிரிங் அதை முன்னால் விரட்ட, முன்புறமும் ஓர் அடி. ஆக, ஒவ்வொரு சுடுதலிலும் பிரேம் மூன்று முறை அடிபடுகிறது. பின்னிரண்டின் கடுமை ஸ்பிரிங்கைப் பொறுத்தது.

இனி அந்த அலுமினியத்துக்கு வருவோம். வீட்டுப் பாத்திரத்து அலுமினியத்தை மனதில் வைத்துக்கொண்டு இதை எடைபோடக் கூடாது. பெரட்டாவின் பிரேமுக்குப் பயன்படும் 7075 என்ற கலவையில் சுமார் 5.6 சதவீதம் துத்தநாகமும் 2.5 சதவீதம் மக்னீசியமும் 1.6 சதவீதம் செம்பும் இருக்கும். இந்தக் குடும்பத்தின் முன்னோடி 1936-ல் ஜப்பானின் சுமிதோமோ நிறுவனத்தில் உருவாகி, ஜீரோ போர்விமானத்தின் இறக்கைக்குள் போனது. அமெரிக்காவின் அல்கோவா 1943-ல் 7075-ஐக் கொண்டுவந்தது. அதன் வலிமை வெறும் கலவையால் வருவதில்லை, பக்குவத்தால் வருகிறது. 470 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, சட்டென்று நீரில் குளிரவைத்து, பிறகு 120 டிகிரியில் ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க வைத்திருப்பார்கள். அந்த நீண்ட இளஞ்சூட்டில் துத்தநாகமும் மக்னீசியமும் சேர்ந்து கண்ணுக்கே தெரியாத நுண்துகள்களாக உலோகமெங்கும் படிகின்றன. அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க முயலும்போது இந்தத் துகள்கள் குறுக்கே நின்று தடுக்கின்றன. டி6 என்று பெயருக்குப் பின்னால் ஒட்டிவருவது இந்தப் பக்குவத்தைத்தான் சொல்கிறது.

விளைவு வியப்பானது. சாதாரணக் கட்டுமான எஃகு நிரந்தரமாக வளைந்துவிடும் இழுவிசையைப் போல் இரு மடங்கை 7075-டி6 தாங்கும். எடையோ எஃகில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஆனால் இரண்டு விஷயத்தில் அது எஃகுக்கு ஈடாகாது. ஒன்று, விறைப்பு. அதே விசைக்கு அது எஃகைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு நெளியும். இரண்டாவது, உலோகச் சோர்வு.

ஒரே விசையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால், ஒரு தடவையில் உடைக்க முடியாத உலோகமும் ஒருநாள் உடையும். 1850-களிலும் 60-களிலும் ஜெர்மனியில் ரயில் அச்சுகள் காரணமின்றி முறிந்தபோது ஆகஸ்ட் வோலர் இதைச் சோதனை போட்டு நிறுவினார். எஃகில் ஒரு வரம்பு உண்டு. அதற்குக் கீழான விசையை எத்தனை கோடி முறை கொடுத்தாலும் அது உடையாது. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான வரம்பு கிடையாது. விசை சிறிதானால் ஆயுள் நீளும், அவ்வளவுதான்.

இதை வைத்துக்கொண்டு, அலுமினிய பிரேம் எப்படியும் ஒருநாள் உடைந்தே தீரும் என்று சிலர் அச்சுறுத்துவதுண்டு. எனக்கு அது மிகையாகவே படுகிறது. 7075-க்குச் சோர்வு வலிமை குறிப்பிடும்போது பொறியாளர்கள் 50 கோடிச் சுழற்சிகளைக் கணக்கில் கொள்கிறார்கள். ஒரு பிஸ்டல் தன் வாழ்நாளில் சில பத்தாயிரம் முறை சுட்டாலே பெரிது. 50 கோடிக்கு முன் அது ஒன்றுமே இல்லை. அப்படியிருந்தும் விரிசல் வருகிறதென்றால் சராசரி விசையால் அல்ல. ஒரு கூர்மையான உள்மூலையில், ஒரு துளையின் விளிம்பில், விசை முழுவதும் குவிந்து, அந்த ஒரு புள்ளியில் மட்டும் எல்லையைத் தாண்டுவதால்தான். பி1-ன் அறுகோண ஊசி நிற்பதும் அத்தகைய இடத்தில்தான். பெரட்டாவின் பூட்டுக் கட்டையிலும் இதே பாடத்தைப் பார்க்கலாம். அது எஃகுதான். ஆனாலும் பழைய வகைகளில் அதன் பக்கவாட்டுச் சிறகு முறிவது தெரிந்த சங்கதி. பிந்தைய வடிவங்களில் மூலைகளை உருட்டிவிட்டார்கள். உலோகத்தை மாற்றவில்லை, மூலையை மாற்றினார்கள்.

உலோகத்தின் பெயரைப் பார்த்து ஆயுளைக் கணிக்கக் கூடாது என்பதற்கு 1980-களின் அமெரிக்க அனுபவத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. 1911 முதல் சேவையில் இருந்த எஃகு பிரேம் கோல்ட் பிஸ்டலுக்குப் பதிலாக, 1985 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் பெரட்டா 92-ஐத் தேர்ந்தெடுத்து எம்9 என்று பெயரிட்டது. அலுமினியம் தாங்குமா என்பதே அப்போது பலருடைய கவலை. 1987-ம் ஆண்டிலும் அதையொட்டியும் கடற்படையின் சிறப்புப் படையினர் சுட்டுக்கொண்டிருந்தபோது பிஸ்டல் உடைந்து, பின்பாதி முகத்தில் பாய்ந்து காயப்படுத்தியது. உடைந்தது பிரேம் அல்ல, எஃகு ஸ்லைடு. எஃகின் தரமா, அளவு மீறிய அழுத்தமுள்ள தோட்டாவா என்று ராணுவமும் நிறுவனமும் நெடுநாள் வாதாடின. தீர்வு மட்டும் எளிமையாக இருந்தது. சுத்தியலைத் தாங்கும் ஊசியின் தலையைப் பெரிதாக்கி, ஸ்லைடின் அடியில் அதற்கேற்ற பள்ளம் வெட்டினார்கள். ஸ்லைடு இரண்டாக முறிந்தாலும் பின்பாதி அந்தத் தலையில் மாட்டிக்கொண்டு நின்றுவிடும். 92எஃப்எஸ் என்ற பெயரில் வரும் கடைசி 'எஸ்' இந்த மாற்றத்தோடு வந்தது. உடையாமல் செய்வது ஒரு வழி, உடைந்தாலும் ஆளைக் கொல்லாமல் செய்வது இன்னொரு வழி. பணிக்கால ஆயுதத்தில் இரண்டாவதை நான் இன்னும் உயர்வாக மதிப்பேன்.

தேர்வு செய்யும்போது எடையைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள், அதில் நியாயமும் உண்டு. 8 கிராம் குண்டு நொடிக்கு 380 மீட்டர் வேகத்தில் போகிறது என்று கொள்வோம். தோட்டா நிரம்பிய எம்9-ன் எடை 1.15 கிலோ. குண்டின் உந்தத்தை மட்டும் கணக்கிட்டால் பிஸ்டல் நொடிக்கு 2.6 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். கையில் இறங்கும் ஆற்றல் 4 ஜூல். பாலிமர் பிரேம் கொண்ட க்ளாக் 17 நிரம்பினாலும் 900 கிராம் அளவுதான். அதில் அந்த ஆற்றல் 5 ஜூலைத் தாண்டும். கால் பங்கு கூடுதல். இலக்கைத் தாண்டி எழும்பிய முனையைத் திரும்பக் கீழே கொண்டுவர எடுக்கும் நேரத்தில் இந்த வேறுபாடு தெரியும். பயிற்சி குறைவானவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அதே கால் கிலோவை இடுப்பில் கட்டிக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் பந்தோபஸ்தில் நிற்பவருக்குக் கணக்கு வேறு மாதிரி. 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் க்ளாக்கை ஏற்றபின் உலகத்துப் போலீஸ் படைகள் பாலிமர் பக்கம் சாய்ந்ததற்கு இந்த இடுப்பு வலியும் ஒரு காரணம். விலை இன்னொரு காரணம். உலோக பிரேமைக் கட்டியிலிருந்து குடைந்தெடுக்க வேண்டும், பாலிமரை அச்சில் வார்த்துவிடலாம்.

அலுமினியம் இவற்றுக்கு நடுவில் நிற்கிறது. 1950-ஐ ஒட்டிச் சந்தைக்கு வந்த கோல்ட் கமாண்டர், பெரிய தோட்டா போடும் பிஸ்டலையும் அலுமினிய பிரேமில் செய்யலாம் என்று காட்டியது. பெரட்டாவும் சிக் சாவர் பி226-ம் அந்த வழியில் வந்தவை. எஃகு பிரேமுக்குச் செக் நாட்டின் சி.இசட் 75 நல்ல உதாரணம். நம் நாட்டில் ராணுவமும் போலீஸும் நெடுங்காலம் கையாண்ட 'பிஸ்டல் ஆட்டோ 9 மி.மீ. 1ஏ'-வும் எஃகுதான். கொல்கத்தாவை அடுத்த இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் தயாராகும் அது, 1935-ல் வந்த பிரவுனிங் ஹை-பவரின் இந்திய வடிவம். பூட்டுக் கட்டை இதில் கிடையாது. பேரலின் அடிப்பகுதி பிரேமுக்குள் உள்ள எஃகுக் குறுக்குத் துண்டில் சறுக்கிக் கீழிறங்கும். 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட வகை என்பதால் நம் நாட்டில் தனியாருக்குப் பொதுவாக உரிமம் கிடைப்பதில்லை. ஆகவே இங்கே இந்தத் தேர்வைச் செய்வது பெரும்பாலும் துறைகள்தான், தனி மனிதர் அல்ல.

எஃகு என்றால் கவலை விட்டது என்றும் எண்ண வேண்டாம். ஹை-பவரை 9 மி.மீ.-ஐவிடக் கடுமையான .40 தோட்டாவுக்கு ஏற்ப 1990-களில் மாற்ற முனைந்தபோது, அடித்து உருவாக்கிய பழைய பிரேம் அந்த அடியைத் தாங்கவில்லை. எஃப்என் நிறுவனம் வார்ப்பு பிரேமுக்கு மாறியது. அடித்ததுதான் உயர்ந்தது, வார்த்தது தாழ்ந்தது என்பது பரவலான நம்பிக்கை. இங்கே கடினமான வார்ப்பு எஃகு வென்றது. கலவை, பக்குவம், வடிவம் மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் தயாரிப்பு முறையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

எடையைப் போலவே முக்கியமானது கைப்பிடியின் சுற்றளவு. இதை ஏனோ யாரும் போதிய அளவு பேசுவதில்லை. எம்9-ல் 15 தோட்டா இரட்டை வரிசையில் நிற்பதால் பிடி தடிமன். முதல் சுடுதலுக்கு டிரிகரை நெடுந்தூரம் இழுக்க வேண்டும், விசையும் 5 கிலோவுக்கு மேல். அடுத்தடுத்த சுடுதலுக்கு அதில் பாதிகூட வேண்டாம். சிறிய கை உள்ளவர் விரல் எட்டாமல் பிடியைச் சற்றே திருப்பிப் பிடிப்பார். அப்போது பேரல் கை எலும்புகளின் நேர்கோட்டில் இருக்காது, முதல் குண்டு ஒதுங்கிப் போகும். பாலிமர் பிஸ்டல்களில் பிடியின் பின்பக்கத்தை ஆளுக்கேற்ப மாற்றிக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. உலோக பிரேமின் எலும்பை மாற்ற முடியாது, மேலே பூட்டும் பக்கத் தகடுகளை மெல்லியதாக்கலாம், அவ்வளவே. பெண் காவலர்கள் நிறைந்த ஒரு படைக்குப் பிஸ்டல் வாங்குபவர் இதை ஆண் பயிற்றுநரின் கையை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது.

வாங்கியாயிற்று. இனி அதன் ஆயுள் பெரும்பாலும் ஒரு சுருள் கம்பியின் பொறுப்பு. எம்9-க்கு 5,000 தோட்டாவுக்கு ஒருமுறை ரீகாயில் ஸ்பிரிங்கை மாற்றச் சொல்கிறது நிறுவனம். ஸ்பிரிங் தளர்ந்தால் ஸ்லைடு குறையாத வேகத்தோடு வந்து பிரேமில் மோதும். மோதும் ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி உயர்வதால், வேகம் கொஞ்சம் கூடினாலே அடி நிறையக் கூடும். பிரேம் விரிசலில் கொண்டுபோய் விடுவது பெரும்பாலும் இந்தத் தளர்ச்சிதான். புதிய ஸ்பிரிங்கைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாலே போதும், குட்டையாகிப் போனது தெரிந்துவிடும். காலி பிஸ்டலை மேல்நோக்கிப் பிடித்து ஸ்லைடை மெதுவாக விடும்போது அது முழுவதும் போய் மூடாமல் தயங்கினாலும், ஸ்பிரிங்கோ எண்ணெயோ சரியில்லை என்று பொருள்.

அழுத்தியபடி கிடப்பதால் மட்டும் நல்ல ஸ்பிரிங் கெட்டுவிடாது, நசுங்கி விரிந்து நசுங்கித்தான் தளரும். ஆண்டுக்கு நூறு தோட்டா சுடுபவரின் பிஸ்டல் 5,000-ஐத் தொட 50 ஆண்டு ஆகும். பயிற்சி மைதானத்தில் கைமாறிக்கொண்டே இருக்கும் பிஸ்டல் சில மாதங்களிலேயே தொட்டுவிடும். வெளியில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். எதற்கு எத்தனை தோட்டா ஓடியது என்று எண் வாரியாகப் பதிவேடு இல்லாவிட்டால், ஆயுதங்களைப் பராமரிக்கும் ஆர்மரருக்கு வேறுபாடு தெரிய வழியே இல்லை. ஆயுதம் வாங்கப் பணம் ஒதுக்கும்போதே ஸ்பிரிங்குக்கும் பூட்டுக் கட்டைக்கும் சேர்த்து ஒதுக்க வேண்டும். உதிரிபாகம் இல்லாமல் வாங்கிய உலோக பிரேம் பிஸ்டலைப் பாதி பிஸ்டல் என்றே சொல்வேன்.

துடைப்பதற்கு முன் செய்ய வேண்டியதை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். முதலில் மேகசினை உருவ வேண்டும், அடுத்து ஸ்லைடை இழுத்துச் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். வரிசை மாறினால், ஸ்லைடை இழுத்து ஒரு தோட்டாவை வெளியேற்றிய கையோடு மேகசினிலிருந்து இன்னொன்று உள்ளே ஏறிவிடும். சேம்பர் காலி என்ற நினைப்பில் டிரிகரைத் தொட்டால் விபரீதம்தான்.

அலுமினிய பிரேமின் கறுப்பு நிறம் வண்ணப்பூச்சு இல்லை. ஆனோடைசிங் என்ற மின்வேதி முறையில் உலோகத்தின் மேற்பரப்பையே ஆக்சைடாக மாற்றியிருக்கிறார்கள். கடின வகையில் இந்தப் படலம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு இருக்கும். எஃகையே கீறக்கூடிய கடினம். ஆனால் அடியில் இருக்கும் உலோகம் மெத்து. தண்டவாளங்களில் நாளடைவில் கறுப்பு போய் வெள்ளி போல் பளபளக்கும் கோடுகள் தெரிவது இயல்பு. அந்தக் கோடு சொரசொரப்பாகி, விரல் நகம் தட்டினால்தான் கவலைப்பட வேண்டும். எஃகு ஸ்லைடு அலுமினியத்தின் மேல் ஓடுவதால் நடுவில் மெல்லிய எண்ணெய்ப் படலம் எப்போதும் வேண்டும். எஃகோடு எஃகு ஓடும் 1ஏ-வைவிட இங்கே எண்ணெயின் தேவை அதிகம். அதற்காக வழிய விடவும் வேண்டாம், வழியும் எண்ணெய் புழுதியைப் பிடித்து அரைக்கும் பசையாகிவிடும்.

கம்பி பிரஷ் பிரேமைத் தொடக் கூடாது. காரம் மிகுந்த துப்புரவுக் கரைசல் அதைவிடக் கெடுதல். சலவைசோடாத் தண்ணீரில் ஊறிய அலுமினியச் சட்டி கறுத்துப் போவதைப் பார்த்திருப்போம், ஆனோடைசிங் படலத்தைக் காரம் கரைத்துவிடுவதும் அதே வேதியியல். எஃகுக்கு நீலப் பூச்சு ஏற்றும் சூடான காரத் தொட்டியில் அலுமினிய பிரேமை ஒருபோதும் இறக்கக் கூடாது. சூட்டில் சுட்டு ஒட்டவைக்கும் வண்ணப்பூச்சிலும் எச்சரிக்கை தேவை. 120 டிகிரியில் மெல்ல மெல்லச் சேர்ந்த அந்த நுண்துகள்கள் 200 டிகிரியில் பெருத்து ஒன்றுகூடிவிடும். வலிமை போன பிரேம் வெளிப்பார்வைக்குப் பழையபடியே இருக்கும்.

கடலோரத்தில் பணிபுரிபவர்களுக்கு உப்பு தனித் தொல்லை. அலுமினியத்துக்குத் துருப் பிடிக்காது என்பது பாதி உண்மை. எஃகு ஊசி செருகிய துளையின் ஓரத்தில் படலம் உரிந்து, அங்கே வியர்வையும் தேங்கினால், இரண்டு உலோகமும் சேர்ந்து ஒரு சிறு மின்கலமாகிவிடும். அதில் கரைவது அலுமினியம். வெண்மையான மாவு போல் ஏதாவது துளை ஓரத்தில் தெரிந்தால் அதுதான். 7075-டி6-க்கு, விசையும் உப்பும் ஒருசேரத் தாக்கும்போது விரிசல் விடும் குணமும் உண்டு. விமானப் பாகங்களுக்கு, வலிமையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, டி73 என்ற வேறு பக்குவத்தைப் பயன்படுத்துவது இதனால்தான். பணி முடிந்ததும் வியர்வையைத் துடைத்து, எஃகுப் பாகங்களில் எண்ணெய்த் துணியை ஓட்டினால் போதும். தோல் உறைக்குள் வைத்துப் பூட்டக் கூடாது. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட ரசாயனமும் அதில் தங்கியிருக்கும்.

மேகசினை மறந்துவிடுவார்கள். 2003-ல் தொடங்கிய இராக் போரில் எம்9 சிக்கிக்கொள்கிறது என்று வந்த புகார்களில் கணிசமானவை மேகசினால் வந்தவை. உட்புறத்தில் பூசிய சொரசொரப்பான பாஸ்பேட் படலம் நுண்மணலைப் பிடித்துக்கொள்ள, தோட்டாவை மேலே தள்ளும் தட்டு நகரவில்லை. வழவழப்பான பூச்சுக்கு மாறியபின் தொல்லை தணிந்தது. மேகசினுக்குள் எண்ணெய் விடக் கூடாது, உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும்.

எத்தனை பேணினாலும் ஒருநாள் உருப்பெருக்கியின் கீழ், பூட்டுக் கட்டை அமரும் பள்ளத்தின் மூலையில், மயிரிழை போல ஒரு கோடு தெரியலாம். எண்ணெயைத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். துடைத்த பிறகும் கோட்டிலிருந்து எண்ணெய் மெல்லக் கசிந்தால் அது கீறல் இல்லை, விரிசல். எஃகுச் சாமான்களில் பழகியவர்களுக்கு அதைப் பற்றவைத்துச் சரிசெய்யலாம் என்று தோன்றும். 7075-ஐ வழக்கமான முறையில் பற்றவைக்க முடியாது. உருகி உறையும்போதே பக்கத்தில் புதிய விரிசல் விடும். சுற்றியுள்ள பகுதியின் டி6 பக்குவமும் அந்தச் சூட்டில் போய்விடும். பதிவேட்டில் எண்ணைக் குறித்து, ஸ்லைடு, பேரல், உதிரிபாகங்களைச் சோதித்துத் தனியே எடுத்து வைத்துவிட்டு, அந்த பிரேமைச் சேவையிலிருந்து விலக்கிவிட வேண்டியதுதான்.